எந்த டெஸ்க்டாப்பும் சரியில்லை

ஜூன் 3, செவ்வாய்

கீழ் அறையில் இருந்த கணினி இன்று காலை உயிரை விட்டது. பொத்தானை அழுத்தினால் ஒரு பெருமூச்சு, பிறகு கறுப்புத் திரை. வண்ணார்பேட்டைக் கடைக்காரர் வந்து மூடியைக் கழற்றிப் பார்த்தார். "இதுக்கு இனிமே செலவழிக்காதிய சார்" என்றார். ஆயுள் முழுவதும் தணிக்கைத் துறையில் இருந்தவன் நான். சிக்கனத்தைப் பற்றி எனக்கு ஒருவர் ஆலோசனை சொல்வது இதுவே முதல் தடவை.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில், சாக்கடை அடைப்பு குறித்து மாநகராட்சிக்கு ஒரு மனு தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது. மனைவி காந்திமதியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே, "மாடி ரூம்ல ஒரு லேப்டாப்பு சும்மாதான கெடக்கு" என்றாள்.

அது பூங்கோதையுடையது. பூங்கோதை எங்கள் ஒரே மகள். மூன்று வருடங்களுக்கு முன், பெங்களூரில் தன்னோடு கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒருவனைப் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் வீட்டார் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். நான் போகவில்லை, அதற்குப் பிறகு பேசவும் இல்லை. அந்த விஷயம் முடிந்துவிட்டது. இந்த நாட்குறிப்பில் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

மடிக்கணினி வெறும் பொருள். அதன்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. துடைத்துக் கீழே கொண்டுவந்தேன்.

ஜூன் 4, புதன்

கடவுச்சொல் கேட்கிறது. காந்திமதி ஃபோனோடு மொட்டைமாடிக்குப் போனாள். வற்றல் காயப்போட என்றாள், வற்றல் தட்டு அடுக்களையிலேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்து, "இங்கிலீஷ் எழுத்துல 'முடியாது'ன்னு அடிக்கணுமாம்" என்றாள்.

அடித்தேன். திறந்தது. இப்படி ஒரு வார்த்தையை எதற்குத் தேர்ந்தெடுத்தாள் என்று விளங்கவில்லை. காந்திமதிக்கு விளங்கியிருக்கும் போலிருக்கிறது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

ஜூன் 5, வியாழன்

உள்ளே இருப்பது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். திரையில் ஒரு மலைப் படம், மேலே ஒரு கறுப்புப் பட்டை, வேறொன்றும் இல்லை. எதைத் தொட்டு எங்கே போவது என்று தெரியவில்லை. இந்தத் திரை அமைப்புக்கு, அதாவது டெஸ்க்டாப்புக்கு, க்னோம் என்று பெயராம். திறந்த ஜன்னலைக் கீழே இறக்கி வைக்க ஒரு பொத்தான்கூட இல்லை.

காந்திமதி மறுபடியும் மொட்டைமாடி ஏறினாள். தெரிந்த இடத்தில் விசாரித்துவிட்டு வந்து சொன்னாள். லினக்ஸில் டெஸ்க்டாப் ஒன்றோடு நிற்பதில்லையாம். பிடிக்காவிட்டால் வேறு டெஸ்க்டாப் போட்டுக்கொள்ளலாம், உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாதாம். வீடு அதேதான், முன்கூடம் மட்டும் மாறும்.

யாரிடம் விசாரித்தாள் என்று நான் கேட்கவில்லை. இங்கே அந்த நபரை 'எதிர்முனை' என்று குறிப்பிடுகிறேன்.

ஜூன் 7, சனி

இரண்டாவது டெஸ்க்டாப். கே.டி.இ. நிறுவும் முறை பின்வருமாறு: எதிர்முனை ஃபோனில் சொல்லும், காந்திமதி அதை எனக்குச் சொல்வாள், நான் கட்டளை எழுதும் கறுப்பு ஜன்னலில் அடிப்பேன்.

"மொதல்ல சூடோன்னு அடிங்க."

"என்ன சூடோ?"

"எனக்கென்ன தெரியும்? சூடோ, ஆறிப்போச்சோ, சொன்னத அடிங்களேன்."

ஃபோனுக்குள் யாரோ சிரித்தது எனக்கும் கேட்டது. காந்திமதி ஸ்பீக்கரைப் போட்டிருந்தாள். அணைக்கச் சொல்ல மறந்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

கே.டி.இ. பற்றிய என் குறிப்பு. க்னோமில் ஒன்றும் இல்லை என்றால், இதில் இல்லாதது ஒன்றும் இல்லை. ஜன்னலின் நிழல் எவ்வளவு தூரம் விழ வேண்டும் என்று கேட்கிறது. மூடும்போது ஜன்னல் கரைய வேண்டுமா, சுருங்க வேண்டுமா, சிதற வேண்டுமா என்று கேட்கிறது. காலை முழுவதும் அதைக் கரைத்தும் சிதறடித்தும் பார்த்தேன். மனு தட்டச்சு செய்ய நேரம் கிடைக்கவில்லை.

சங்கத் தலைவர் ஆசீர் சார் எதிர்வீட்டிலிருந்து வந்தார். முப்பது வருடப் பழக்கம். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக் கேக்கை வெட்டுவது நான்தான். "என்ன சார், மனு ஆச்சா? சாக்கட நம்ம வாசலுக்கு வந்துட்டு" என்றார். டெஸ்க்டாப் இன்னும் அமையவில்லை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "கையால எழுதிக் குடுத்துருங்களேன்" என்றார். முறை என்று ஒன்று இருக்கிறதே.

ஜூன் 14, சனி

கே.டி.இ. ஒத்துவரவில்லை. எதிர்முனையிடம் தெரிவிக்கப்பட்டது.

ஜூன் 16, திங்கள்

இன்று ஒரு புதிய ஏற்பாடு. ஃபோனில் ஒவ்வொன்றாகச் சொல்லி மாளவில்லை என்று, அங்கிருந்தே இந்தத் திரையைப் பார்த்து இயக்கும் கருவி ஒன்றை எதிர்முனை நிறுவச் சொன்னது. நிறுவினேன்.

சுட்டியைத் தொடாமல் மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். திரையில் அம்பு தானாக நகர்ந்தது.

அது ஒன்றும் பெரிய அதிசயம் இல்லை, விஞ்ஞானம்தான். ஆனாலும் எழுதி வைக்கிறேன். அம்பு நேராகப் போகவில்லை. வலது மூலைக்குப் போய், யோசித்து, கொஞ்சம் சுற்றி, பிறகு இறங்கியது. சின்ன வயதில் கோலம் போடும்போது புள்ளிகளைச் சுற்றி விரலை இப்படித்தான் காற்றில் ஓட்டிப் பார்ப்பாள் ஒருத்தி.

முதல் வேலையாக எழுத்தின் அளவைப் பெரிதாக்கியது. நான் கேட்கவே இல்லை. பிறகு ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, "இப்போ தெரியுதா?" என்று எழுதியது.

"தெரிகிறது" என்று அடித்தேன்.

"தமிழ் கீபோர்டு எது வேணும்?"

"பழைய தட்டச்சு முறை."

"அது எனக்குத் தெரியாதா" என்று எழுதி, உடனே அழித்துவிட்டது. ஆனால் நான் படித்துவிட்டேன்.

ஜூன் 21, சனி

மூன்றாவது, எக்ஸ்.எஃப்.சி.இ. எளிமையானது. வேகமானது. கீழே பட்டை, இடது மூலையில் பட்டியல், வலது மூலையில் கடிகாரம். மனு எழுத லிப்ரே ஆபிஸ், இணையத்துக்கு ஃபயர்பாக்ஸ், பழைய பாட்டுக்கு வி.எல்.சி. எல்லாம் அதனதன் இடத்தில். தட்டச்சு கச்சிதமாக விழுகிறது.

ஜூன் 22, ஞாயிறு

குறை இல்லை.

ஜூன் 23, திங்கள்

குறை இல்லை.

ஜூன் 25, புதன்

எக்ஸ்.எஃப்.சி.இ.யில் ஒரு பெருங்குறை தென்படுகிறது. பார்ப்பதற்கு அது அரசு அலுவலகம் மாதிரி இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் ஒருவன் ஏன் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்? சின்னமன் என்று இன்னொன்று உண்டாம்.

"அப்படின்னா என்னது?" என்றாள் காந்திமதி.

"பட்டை."

"நல்லாத்தான ஓடிக்கிட்டு இருந்துது? பட்ட, கிராம்புன்னு எதுக்கு இப்போ?"

"உனக்குப் புரியாது."

"எனக்கா புரியாது? அது ரிப்பேரானாத்தான் ஒங்க மொகத்துல களையே வருது" என்று சொல்லிவிட்டு ஃபோனை எடுத்தாள். இந்தக் கூற்றுக்கு ஆதாரம் எதையும் அவள் காட்டவில்லை.

ஜூன் 26, வியாழன்

அம்பு வந்தது. சின்னமன் இறங்கிக்கொண்டிருக்கும்போது நடுத்திரையில் அசையாமல் நின்றுவிட்டது. நெடுநேரம் நின்றது. இணையம் போய்விட்டதோ என்று பார்த்தால், இருந்தது. காந்திமதியிடம் கேட்டேன்.

"கொஞ்சம் படுக்கணும்னு சொன்னா. காலு ரெண்டும் நீர்கோத்துக் கெடக்காம்."

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. வெற்றுப் பக்கத்தில், "அவசரம் இல்லை. நாளை பார்த்துக்கொள்ளலாம். கால்களை உயர்த்தி வைக்கவும்" என்று அடித்து வைத்தேன். பொதுவாக யாருக்கும் சொல்லக்கூடிய ஆலோசனைதான்.

ஜூன் 27, வெள்ளி

காலையில் அந்தப் பக்கத்தில், என் வரிக்குக் கீழே ஒரு வரி இருந்தது. "தலகாணி வச்சுத்தான் படுத்திருக்கேன்ப்பா."

கோப்பைச் சேமித்தேன். இரண்டு இடங்களில் சேமித்தேன்.

ஜூலை 3, வியாழன்

சின்னமன் நன்றாகவே இருக்கிறது. சொல்லப்போனால் விண்டோஸ் மாதிரியே இருக்கிறது. விண்டோஸ் மாதிரியே இருப்பதற்கு லினக்ஸ் எதற்கு? இந்த ஆட்சேபணையை எழுத்து மூலம் தெரிவித்தேன். அம்பு வந்து, "அப்பா, ஒங்களுக்கு டெஸ்க்டாப் வேணுமா, சண்ட வேணுமா?" என்று எழுதியது.

பதில் தயாரிக்க அவகாசம் கேட்டேன்.

ஜூலை 12, சனி

காந்திமதி சொந்த அலுவலாகப் பெங்களூர் போகிறாள். பழைய பருத்திச் சேலைகளைத் துவைத்து, கிழித்து, துண்டு துண்டாக மடித்துப் பையில் அடுக்கினாள். வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய், ஒரு பாட்டில் பிரசவ லேகியம். எத்தனை நாளாகும் என்று கேட்டேன்.

"பிள்ளைக்குத் தல நிக்கித வரைக்கும்."

எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. அவளே பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தலப்பிரசவத்துக்கு அவ இங்க வந்திருக்கணும். நம்ம வீட்டுல. நீங்க வாயத் தொறந்து 'வா'ன்னு ஒரு சொல்லு சொல்லலயே. அந்தப் பொட்டிக்கிட்ட எவ்வளவு பேசுதிய! இத்தன டெஸ்க்டாப்பு மாத்தத் தெரியுது ஒங்களுக்கு, வேற ஒண்ணையும் மாத்தத் தெரியல."

ரயிலேற்றிவிட்டு வந்தேன். பையை நான்தான் தூக்கினேன். கனமாக இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

காந்திமதி காலையில் கூப்பிட்டு, போய்ச் சேர்ந்ததையும் நான் எந்தச் சாம்பாரை எப்போது சூடு பண்ண வேண்டும் என்பதையும் சொன்னாள். தினமும் காலையில் கூப்பிடுவாளாம். மற்ற விஷயம் எதையும் அவள் சொல்லவில்லை. நான் கேட்காமல் சொல்லக்கூடாது என்று முடிவு செய்திருக்கிறாள்.

ஜூலை 17, வியாழன்

டெஸ்க்டாப்பில் குறை ஏதுமில்லை. நாள் நீளமாக இருந்தது.

ஜூலை 19, சனி

மேட் என்ற டெஸ்க்டாப்பை நானே நிறுவினேன். ஒருவர் துணையும் இல்லாமல் சரியாக வந்துவிட்டது. ஏமாற்றமாக இருந்தது.

ஜூலை 22, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எழுதிவிட்டுக் கிளம்ப வேண்டும்.

காலையில் காந்திமதி கூப்பிடவில்லை. இட்லி ஆறும்வரை பார்த்தேன். நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இந்த நேரத்தில்தான் திரையின் மூலையில் இருக்கும் கடிகாரம் சரியில்லை என்பதைக் கவனித்தேன். பிற்பகல் ஒரு மணியைப் பதின்மூன்று என்று காட்டும் வகை அது. இது எனக்கு ஒத்துவராது. 'கடிகாரத்தில் பிழை. உடனே கவனிக்கவும்' என்று காந்திமதியின் ஃபோனுக்குச் செய்தி அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் அம்பு வந்தது. வந்ததுமே தெரிந்தது, கை வேறு. இது யோசிக்கவில்லை, சுற்றவில்லை. வெட்டி வெட்டி ஓடியது. வெற்றுப் பக்கத்தைத் திறந்தது.

"வணக்கம் சார். நான் செல்வின்."

பூங்கோதையின் புருஷன். மூன்று வருடங்களில் இந்தப் பெயரை நான் உச்சரித்ததில்லை. என் வீட்டுக் கணினியில் அவனே எழுதிவிட்டான்.

நான் அலுவல் முறையில், "கடிகாரம் பன்னிரண்டு மணிக் கணக்கில் காட்ட வேண்டும்" என்று அடித்தேன்.

"இதோ சார்."

அம்பு பட்டியலைத் திறந்து மூடியது. மறுபடியும் திறந்தது. கடிகாரத்துக்குப் போவதற்குப் பதில் பிரிண்டருக்குப் போனது. திரும்பி வந்து ஒலியைக் கூட்டியது, குறைத்தது. தினம் இதே வேலை பார்ப்பவனுக்கு ஒரு கடிகாரத்தை மாற்றத் தெரியாதா? தவறு கண்டுபிடித்தே பழகிய கண் எனக்கு. ஏதோ சரியில்லை என்று பட்டது.

"எங்கிருந்து வேலை செய்கிறீர்கள்?" என்று அடித்தேன்.

"ஆஸ்பத்திரி வராந்தாவுல இருந்து சார். பூங்கோதைய விடியக்காலைல கூட்டிட்டு வந்தோம். உள்ள இருக்கா. அத்தையும் உள்ள இருக்காங்க. அவங்க ஃபோன் எங்கிட்ட இருக்கு. ஒங்க மெசேஜப் பாத்தேன். ஒரு நிமிஷம் சார், கடிகாரத்த முடிச்சிருதேன்."

இதை எழுதிவிட்டு அம்பு மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்துப் போயிற்று.

நான் சுட்டியைப் பிடித்து அதை இந்தப் பக்கம் இழுத்தேன். அவன் அங்கே இருந்து அந்தப் பக்கம் இழுத்தான். ஒரே அம்பு. அது நடுவில் நின்று துடித்தது. நான் விடவில்லை.

"கடிகாரத்தை விடுங்கள். எப்படி இருக்கிறாள்?" என்று அடித்தேன். தட்டச்சு மேல்நிலையில் முதல் வகுப்பு நான். இந்த வரியை மூன்று தடவை திருத்த வேண்டியிருந்தது.

அம்பு கடிகாரத்தை விட்டு வெற்றுப் பக்கத்துக்கு வந்தது.

"பிரஷர் கூடிட்டு சார். ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கும்னு இப்பந்தான் கையெழுத்து வாங்கிட்டுப் போனாங்க. எனக்குப் பயமா இருக்கு."

இதற்கு என்ன பதில் எழுதுவது? ஆயிரக்கணக்கான குறிப்புகளுக்குப் பதில் எழுதியவன் நான். "சாப்பிட்டீர்களா?" என்று அடித்தேன்.

"இல்ல சார்."

"ஒரு டீயாவது குடித்துவிட்டு வாருங்கள். நான் இங்கேதான் இருக்கிறேன்."

"இங்க இருந்து நகர முடியல சார். நீங்க எதையாவது அடிச்சுக்கிட்டே இருங்களேன். எழுத்து வந்துக்கிட்டு இருந்தா பக்கத்துல ஆள் இருக்க மாதிரி இருக்கு."

எதை அடிப்பது? ஆறுதல் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. கைக்கு வந்தது ஒன்றுதான். 'பெறுநர்: ஆணையர் அவர்கள், மாநகராட்சி. பொருள்: கழிவுநீர் வாய்க்கால் அடைப்பு' என்று ஆரம்பித்தேன். அவன் வரி வரியாகப் படித்துக்கொண்டே வந்தான். நடுவில், "கொசுத்தொல்லை ஒரே வார்த்தையா சார்?" என்று கேட்டான். சேர்த்தும் எழுதலாம், பிரித்தும் எழுதலாம் என்றேன். எங்கள் தெருவில் மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டான். சொன்னேன். பூங்கோதை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பாள் என்பதையும் அடித்துவிட்டேன். மனுவில் அதற்கு இடமில்லை. ஆனாலும் அழிக்கவில்லை.

மூன்றாவது பத்தியில் இருந்தபோது, "கூப்பிடுதாங்க" என்று ஒரு வார்த்தை விழுந்தது. அம்பு நின்றுவிட்டது.

நான் மனுவைத் தொடர்ந்து அடித்தேன். நான்காவது பத்தி, ஐந்தாவது பத்தி. வார்டில் இருக்கும் எல்லாச் சாக்கடைகளையும் பற்றி எழுதினேன். அடிப்பதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, நிறுத்தவில்லை. வாசலில் ஆசீர் சார் வந்து நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே வந்து பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எந்த ஜெபம் என்று கேட்கவில்லை. நடுவில் நிறுத்திவிடுவாரோ என்று மட்டும் பயமாக இருந்தது.

பிறகு மனுவின் கடைசி வரிக்குக் கீழே எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

"பொம்பளப்பிள்ள மாமா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

ஆசீர் சார் அதைச் சத்தமாகப் படித்தார். எனக்குக் கண்ணாடியில் ஈரம், எழுத்து சரியாகத் தெரியவில்லை. அவன் சார் என்று எழுதியிருக்கிறானா, மாமா என்று எழுதியிருக்கிறானா என்று அவரிடம் கேட்டேன். "மாமான்னுதான் போட்டிருக்கு" என்றார்.

"சரி" என்று அடித்தேன். பிறகு, "வருகிறேன், மாப்பிள்ளை" என்று அடித்தேன்.

ரயிலில் இடம் இல்லை. ஆசீர் சார் மாலைப் பேருந்தில் ஓர் இருக்கை பிடித்துத் தந்திருக்கிறார். மனுவையும் அவரே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார். செருப்பைத் தூக்கிக்கொண்டு நடந்த வரியை எடுத்துவிடவா என்று கேட்டேன். இருக்கட்டும், ஆணையரும் பிள்ளை குட்டிக்காரர்தானே என்றார்.

ஜூலை 23, புதன், பெங்களூர்

செல்வின் பேருந்து நிலையத்தில் வந்து நின்றான். நான் நினைத்ததைவிட ஒல்லி. இரண்டு நாளாகச் சவரம் செய்யவில்லை. என் பையை வாங்கினான். கும்பிடுவதா, கைகொடுப்பதா என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கடைசியில் இரண்டு பேரும் அந்தப் பையை ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டு ஆட்டோ வரைக்கும் நடந்தோம்.

அறைக்குள் பூங்கோதை படுத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று தயாரித்து வைத்திருந்தேன். வாசற்படியில் அது மறந்துவிட்டது.

அவள்தான் பேசினாள். "பொட்டி எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்கும்மா. அதுக்கு ஒரு கொறையும் இல்ல."

"இப்போ எந்த டெஸ்க்டாப்பு வச்சிருக்கிய?"

நின்று யோசித்தேன். கீழே பட்டை இருந்ததா, மேலே இருந்ததா? பச்சை நிறமா? பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றது. உண்மையாகவே நினைவுக்கு வரவில்லை.

"தெரியலயேம்மா" என்றேன்.

"தெரியலயா? ரெண்டு மாசமா என் உசிர வாங்கிட்டு..." என்று ஆரம்பித்தவள் சிரித்துவிட்டாள். உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அய்யோ, சிரிக்க வைக்காதியப்பா. தையல் இழுக்கு." சிரித்துக்கொண்டே அழுதாள், அல்லது அழுதுகொண்டே சிரித்தாள். இதை வகைப்படுத்த எனக்குத் தெரியவில்லை.

காந்திமதி ஒரு துணிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "கழுத்தப் பிடிங்க. கழுத்த. ஃபைல் மாதிரியா பிடிக்கிறது?"

மாலையாகிவிட்டது. பூங்கோதை, செல்வின், காந்திமதி மூன்று பேரும் தூங்குகிறார்கள். இதை ஒரு கையால் எழுதுகிறேன், மற்றொரு கை வேலையாக இருக்கிறது. எழுத்து கோணலாக இருப்பதற்கு அதுவே காரணம்.